ஏகாம்பரம் மதர்போர்டு பார்க்கிறார்

“எந்த போர்டு மாமா?” என்று மாப்பிள்ளை கேட்டபோது ஏகாம்பரத்தின் வாயில் பதில் இருந்தது, மூளையில்தான் இல்லை. வாய் எப்போதுமே தனிக்குடித்தனம். மேல்மாடியைக் கேட்டுக்கொண்டு அது எதையும் செய்ததில்லை. “போர்டு கிடக்கட்டும் மாப்ளே, அரக்கோணம் பாசஞ்சர்ல, ஓடுற வண்டியில, நின்ன வாக்குல ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணியிருக்கேன் தெரியுமா, பேசின் பிரிட்ஜ்ல பெட்டியைப் பிரிச்சேன், திருவள்ளூர் வரப்ப கடைசி ஸ்க்ரூ, கரண்டா, ஃபேன்லேர்ந்து இழுத்தேன், டிக்கெட் செக்கர் வந்து பார்த்துட்டு ஃபைன் போடுறதுக்குப் பதிலா சீட்டாட்டம் ஒண்ணு ஆடிட்டுப் போனாரு” என்று அது பாட்டுக்கு அவிழ்த்துவிட, ரிச்சி ஸ்ட்ரீட் கடையின் கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற காதர் பாய் மகள் நிலோஃபர், “அங்கிள், போன தடவை அது கூட்ஸ் வண்டியா இருந்துச்சு” என்றாள். “கூட்ஸ்ல பண்ணது வேற கம்ப்யூட்டர்மா.” மாப்பிள்ளை இளஞ்செழியன் சிரித்தார். சிரிப்பு நல்லது, சிரிக்கிறவன் தப்பை எண்ண மாட்டான். ஆனால் இந்த மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எண்ணக்கூடிய ஆள், ஐடி கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிறவர், சிரிப்பு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து, “சரி மாமா, இதுல எது?” என்றார். மேஜைமேல் இரண்டு அட்டைப்பெட்டி. இரண்டிலும் ராட்சசன் கண்ணைப்போல ஏதோ படம். சோதனை. நன்றாகத் தெரிகிறது, இது சோதனை. ராத்திரியெல்லாம் காதில் கவசத்தை மாட்டிக்கொண்டு யாரையோ சுட்டுத்தள்ளும் ஆட்டம் ஆடுகிறவருக்கு எந்த போர்டு என்று தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். “எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டணும், நீங்க வந்து செலக்ட் பண்ணித் தரணும்” என்று போனில் கூப்பிட்டபோது முதலில் உச்சி குளிர்ந்துபோனது உண்மை, டெலிபோன் ஆபீஸ் முடிந்து சாயங்காலம் சாயங்காலம் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி பூரா கம்ப்யூட்டர் கட்டிக்கொடுத்த கை அல்லவா, ஆனால் போனை வைத்த கையோடு புரிந்துவிட்டது. இது மகள் மங்கையர்க்கரசியின் வேலை. போய்ப் பார், அப்பாவுக்கு எதெல்லாம் ஞாபகம் இருக்கு, எதெல்லாம் போச்சு, பக்கத்தில் இருந்து பார் என்று அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு இடத்தில் தடுமாறினால் போதும், அயனாவரம் வீட்டுக்குப் பூட்டு, ஏகாம்பரம் நாவலூரில் பதினாலாவது மாடிக்கு.

பதினாலாவது மாடியில் தப்பொன்றும் கிடையாது. மகள் தங்கமானவள், மாப்பிள்ளையும் முகம் கோணாதவர். கதவுதான். அந்த வீட்டுக் கதவில் சாவி கிடையாது, ஒரு எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது குப்பை போடப் போகிறேன் என்று வெளியே வந்தவர் எண்ணைத் தொலைத்துவிட்டு, காலியான குப்பைக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கிற தாழ்வாரத்தில், எந்தக் கதவு நம்முடையது என்பதும் சேர்ந்து போய், லிப்ட் பக்கத்தில் செடி இருந்ததா ஷூ ஸ்டாண்டு இருந்ததா, செடி என்றால் எல்லா வாசலிலும் செடி, யாரோ ஒரு வேலைக்காரம்மா கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். அவளிடமும் ஒரு கதை சொன்னார், மாடி மாடியாக நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று டாக்டர் சொன்னதாக. அயனாவரம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே மறந்தாலும் வீடு ஞாபகப்படுத்தும். இருட்டில் கையை நீட்டினால் ஸ்விட்ச் தானாக வந்து கையில் உட்காரும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால் பக்கத்து வீட்டு சகுந்தலா, “முதலியாரே, பால் கருகுது” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். அப்படிக் கத்தாத ஒரு நாளில் பாத்திரம் அடியோடு கருகி, அதை மங்கை கண்ணில் படாமல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்துவைத்து, பிறகு ஒளித்ததையும் மறந்து, மங்கை தன் அம்மா குணவதியின் புடவையை எடுக்க வந்து… அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அதற்கப்புறம்தான் கீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டர், சின்னப் பெண், கடிகாரம் வரையுங்கள் என்றாள். வட்டம் போட்டார். எண்களைப் போட்டார். முள் வைக்கச் சொன்னபோது இரண்டு முள்ளும் எந்தப் பக்கம் போகும் என்று பேனா காற்றில் நின்றது. “முள்ளு வச்சா ஓட ஆரம்பிச்சுடும்மா, எனக்கு அவசரம் கிடையாது” என்றார். டாக்டர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எதையோ எழுதினாள். இந்தக் காலத்தில் சிரிக்கிறவர்களை நம்பவே முடியாது.

“அங்கிள்?” என்றாள் நிலோஃபர். இரண்டு பெட்டியையும் திறந்து, வெள்ளிக் காகிதத்திலிருந்து உருவி, இரண்டு போர்டையும் பஞ்சுமேல் வைத்திருந்தாள். பச்சையாக இருக்கும் அந்தக் காலத்தில். இப்போது கறுப்பு, இழவுக்குப் போகிற மாதிரி. ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். வரிவரியாகப் பள்ளம், வெள்ளிப் புள்ளிகள், நடுவில் சதுரக் குழி. அந்தக் குழியில் உட்காருகிற சாமான், அதுதான் எல்லாமே, அது இல்லாமல் மற்றதெல்லாம் தகரம், விரல் நுனி அளவுக்கு அதன் எடை தெரிகிறது, அதன் மூலையில் இருக்கும் பொன் முக்கோணம் தெரிகிறது, அதற்குப் பெயர்… சதுரம். அந்தச் சதுரம். பெயர் என்னவோ ‘பி’யில் ஆரம்பிக்கும். பிச்சாண்டி. சே, பிச்சாண்டி டெலிபோன் ஆபீஸில் கூட இருந்தவன். பிரம்பு, பிரசாதம், பிரமாணம். தேடினால் வராது, பார்க்காத மாதிரி இருந்தால் தானே வரும், ரேஷன் கடைக்காரன் மாதிரி. “அதை எடும்மா” என்று விரலை நீட்டினார், “நீங்க முதல்ல அதை எடுத்துட்டீங்களா மாப்ளே, அது எந்த வகை?” மாப்பிள்ளை எடுத்து நீட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் சதுரம் மினுங்கியது. அப்பாடா, பெயர் சொல்லாமலே காரியம் நடந்துவிட்டது. சதுரத்தை வைத்துக் குழியைப் பார்த்தார். இரண்டு போர்டிலும் அதே குழிதான். அப்படியானால் சோதனை அங்கே இல்லை. இனி ஒரே வழி, கை. முதல் போர்டைத் தூக்கி உள்ளங்கையில் ஏந்தினார், கண்ணை மூடிக்கொண்டு லேசாகக் குலுக்கினார், இறக்கினார், இரண்டாவதைத் தூக்கினார். மணிக்கட்டுக்கு உடனே தெரிந்தது. கரண்ட் பிரியும் இடத்தில் சூடு இறங்க அலுமினியம் கனமாக வைத்தவன் எவன், மேலே பெயிண்ட் அடித்து ஏமாற்றியவன் எவன் என்று. “இது” என்றார். நிலோஃபர் கைகொட்டாத குறை. “அங்கிள் இன்னும் எடை பார்த்துத்தான் வாங்குறார் பாருங்க சார், எங்க அத்தா சொல்வார், ஏகாம்பரம் மதர்போர்டு வாங்குறது பலாப்பழம் வாங்குற மாதிரி, முகர்ந்து பார்க்காததுதான் பாக்கின்னு.” வெற்றி நெஞ்சில் பொங்கி வந்தது. பொங்கினதுதான் வினை, வாய் முந்திக்கொண்டது. “எங்கேம்மா அந்த மனுஷன், தொழுகைக்குப் போயிருக்காரா, நான் வந்திருக்கேன்னு சொல்லு, ஓடி வருவாரு.”

கடைக்குள் எத்தனையோ விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, பெட்டிகளுக்குள், கூரையில், யாரோ சோதிக்கிற சாமான்களில், அத்தனை சத்தமும் திடீரென்று கேட்டது. நிலோஃபரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்துபோன கொடித்துணி மாதிரி. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் காலுக்குக் கீழே ஈரமண் தட்டுப்பட்டது ஏகாம்பரத்துக்கு. மழை. ராயப்பேட்டை மையவாடி. காதர் பாயை இறக்கிவிட்டு எல்லாரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள், அவரும் போட்டார், மண் கையில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது, வேட்டியில் துடைத்துக்கொண்டார், அந்தக் கறை போகவேயில்லை, சகுந்தலாகூட, “எங்கே போய் விழுந்தீங்க முதலியாரே” என்றாள். இவ்வளவும் இருக்கிறது. எங்கேயும் போகவில்லை. உள்ளே பத்திரமாக இருக்கிறது, கேட்கும்போது மட்டும் எழுந்து வர மாட்டேன் என்கிறது. காதர் பாய் செத்துவிட்டார் என்பது தெரியாமல் இல்லை, அந்தக் கணத்தில் அவர் சாகவில்லை, அவ்வளவுதான். இதை யாரிடம் விளக்குவது? “போனவர் மாதிரியா இருக்காரு அவரு” என்று ஏகாம்பரம் குரலைத் தழைத்துக்கொண்டார், “இந்தப் படியேறினாலே கல்லாவுல உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு இது. கூப்பிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.” நிலோஃபரின் கண் கலங்கியது. “எனக்கும் அப்படித்தான் இருக்கு அங்கிள்.” நம்பிவிட்டாள். பாவம். ஒரு கணம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மாப்பிள்ளை? மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. குனிந்து போனைப் பார்க்கிறார் என்றால் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அதிர, “மங்கைதான், ஒரு நிமிஷம் மாமா” என்று அவர் கதவோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு, “ம்… இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்… நல்லாத்தான் இருக்கார்… இல்லம்மா, நான் சொல்லிக்கறேன்” என்றார். எதைச் சொல்லிக்கொள்கிறார்? காதர் பாய் விஷயத்தையா? நல்லாத்தான் இருக்கார் என்று சொன்னாரே, அது நல்ல மார்க். அந்த ‘தான்’ எதற்கு நடுவில்?

அதற்கப்புறம் ஏகாம்பரம் வாயைப் பூட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவது என்று முடிவு செய்தார். ரேம் வந்தது. இரண்டு பட்டை, கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி நீலமும் ரோஜாவும் மாறி மாறி எரிகிறது. ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு எதற்கு இத்தனை வெளிச்சம்? கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றை எடுத்துவைத்தாள், செங்கல்லைவிடப் பெரிது, மூன்று விசிறி. கனத்தில் போர்டு வளைந்துவிடாமல் இருக்க அதற்குக் கீழே ஒரு கம்பி நிறுத்த வேண்டுமாம். “காய்ச்ச முருங்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரியாம்மா” என்று கேட்டுவிட்டார், பூட்டு அவ்வளவுதான் தாங்கியது. பவர் சப்ளையைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்து, “இதுக்கு மேல ஒண்ணு எடு, ஆட்டம் சூடு பிடிக்கிறப்ப இது மூச்சு வாங்கும்” என்றார். சரியாகத்தான் சொன்னார், நிலோஃபர் மறுபேச்சு இல்லாமல் பெரியதை எடுத்தாள். கடைசியாகப் பெட்டி. பெட்டியா அது, மீன்தொட்டி. இரண்டு பக்கம் கண்ணாடி, உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த விசிறி நின்றுவிட்டது, எல்லாம் தெருவில் போகிறவனுக்குத் தெரியும். “இப்ப இதான் மாமா ஃபேஷன், உள்ளே நடக்கிறதெல்லாம் வெளியே தெரியணும்.” அந்தக் காலத்தில் பெட்டி என்றால் தகரம். உள்ளே ஒட்டடை இருக்கும், கரப்பான் குடும்பம் நடத்தும், ஒயரை முடிந்து ரப்பர் பேண்ட் போட்டிருப்போம், மூடி நாலு ஸ்க்ரூ போட்டால் யாருக்குத் தெரியும், வெளியே ஒரு பச்சை விளக்கு எரிந்தால் போதும், மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கும் அதுதான் நியாயம். மூளையை எலும்பால் மூடிவைத்ததற்குக் காரணம் இருக்கும் அல்லவா. அந்தக் கீழ்ப்பாக்கத்து டாக்டர் பெண் எழுதித்தந்த ஸ்கேனுக்கு அவர் இன்னும் போகவில்லை. குழாய்க்குள் படுக்கவைத்து உள்ளே இருக்கும் ஒட்டடையைப் படம் பிடிப்பார்களாம். “தகரத்துல கிடைக்காதாம்மா” என்றார். “இப்ப வர்றதில்லை அங்கிள்.”

“மாட்டிப் பார்த்துடலாமா” என்று நிலோஃபர் கேட்டபோது, நானே மாட்டுகிறேன் என்று சொன்னது வாயா மூளையா என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு போய், பூமிக்குள் இறங்கிய இரும்பு எதையாவது தொட்டு, உடம்பில் ஊறிக்கிடக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டும். உலர்ந்த கையால் தொட்டுப் போர்டைச் சாகடித்தவர்கள் இந்தத் தெருவில் எத்தனையோ பேர், அவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்தவர் அவர். மாடிப்படி வளைவில் இரும்பு கேட் இருக்கிறது, காதர் பாய் காலத்திலிருந்து எல்லாரும் அதைத்தான் தொடுவார்கள், அந்த இடத்தில் மட்டும் துரு ஏறாது. நடந்தார். கேட்டைப் பிடித்தார். குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியது, தோள்வரை போனது, நின்றது. கீழே தெரு. ஒருவன் தலையில் டிவி பெட்டியை வைத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகிறான், கரும்பு ஜூஸ் மெஷினில் மணி கிணுகிணு என்கிறது, ஈயம் உருகும் வாடை, யாரோ, “சார்ஜர் சார்ஜர் சார்ஜர்” என்று ராகம் போடுகிறான். நன்றாக இருந்தது. இந்த வாடை எப்போதும் நன்றாக இருக்கும். கையைப் பார்த்தார். கை கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏன்? இறங்கப் போகிறோமா, ஏறி வந்தோமா? காலைப் பார்த்தார், செருப்பு இல்லை. செருப்பு இல்லையென்றால் கோயில். கோயிலில் எதற்கு இரும்பு கேட்? செருப்பு இல்லையென்றால் சாவு வீடு. யார் சாவு? குணவதியா? குணவதி போய் வருஷமாகிறது, அது தெரியும், அதை மறக்கவில்லை, கடவுளே அதை மறக்க விட்டுவிடாதே, அல்லது மறக்கவிட்டால் முழுசாக விடு, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாகவிடாதே. வியர்வை காதோரம் இறங்கியது. மேலேயா, கீழேயா? கீழே போனால் தெரு, தெருவில் யாரையாவது கேட்கலாம், என்ன கேட்பது, நான் எங்கேயிருந்து வந்தேன் என்றா? தயிர் வாங்கப் போய் ஓட்டேரி பஸ் ஸ்டாண்டில் நின்ற நாள் இப்படித்தான், கையில் தூக்குவாளி, முன்னால் எல்லா பஸ்ஸும் எங்கேயோ போகிறது. ப்ராசஸர். திடீரென்று அது வந்து நின்றது, அழைக்காத விருந்தாளி போல. ப்ராசஸர், சதுரம், ப்ராசஸர். இதை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது? அழுகை முட்டியது. “மாமா, எர்த் பண்ணியாச்சா?” என்று பின்னாலிருந்து குரல். அந்த ஒரு வார்த்தை கயிறாக விழுந்தது. கேட், கை, செருப்பு, போர்டு, எல்லாம் வரிசையாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. “இப்பதான் இறங்குது மாப்ளே, வயசான உடம்பு, நிறைய சேர்ந்துபோச்சு” என்றார் திரும்பாமலே, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு.

மேஜைக்கு வந்ததும் கை அவரை விலக்கிவிட்டுத் தானே வேலையை எடுத்துக்கொண்டது. போர்டு வந்த காலி அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்தார். மீன்தொட்டிக்குள் பூட்டுவதற்கு முன்னால் வெளியில் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தெரு வழக்கம், பிறகு அழுது பிரயோஜனமில்லை. குழியின் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே ஆயிரக்கணக்கில் பொன் முட்கள், ஒன்று வளைந்தாலும் போர்டு குப்பை. ப்ராசஸரை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தார். கை நடுங்குகிறதே என்று மாப்பிள்ளை மூச்சைப் பிடித்தது கேட்டது. நடுக்கம் குழிக்கு மேல் வந்ததும் நின்றது. முக்கோணத்துக்கு முக்கோணம், அழுத்தவில்லை, விட்டார், அது தன் எடையிலேயே போய் உட்கார்ந்தது. கொக்கியைப் போட்டார், பசை வைத்தார், சூடு இறக்கும் விசிறியைப் பூட்டினார், ரேம் பட்டைகளை இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அமுக்கினார், பவர் சப்ளையையும் கடையின் ஸ்க்ரீனையும் இணைத்தார். ஒரு இடத்திலும் கை யோசிக்கவில்லை. இவ்வளவு தெரிகிறது பார், எழுதிக்கொள், போய்ச் சொல் உன் பெண்டாட்டியிடம். ஸ்க்ரூடிரைவரை வாங்கி, ஸ்விட்ச் போடுவதற்குப் பதிலாக, போர்டின் மூலையில் இருக்கும் இரண்டு சின்னப் பின்களை அதன் நுனியால் ஒரு கணம் தொட்டார். விசிறி சுற்றியது. ரேம் எரிந்தது. ஸ்க்ரீன் கறுப்பு. எல்லாரும் ஸ்க்ரீனையே பார்த்தார்கள். கறுப்பு. ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். கறுப்பு. கொன்றுவிட்டேன். ஏதோ ஒரு முள். கேட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை, பாதியில் எதையோ நினைத்துக்கொண்டு… “புது ரேம்ல அப்படித்தான் அங்கிள்” என்றாள் நிலோஃபர், “முதல் தடவை ஆன் பண்றப்ப மெமரியை எல்லாம் அதுவே படிச்சுப் பார்த்துக்கும். அதுவரைக்கும் ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது. கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்.” தெரியாதா எனக்கு என்கிற மாதிரி தலையை ஆட்டினார். தெரியாது. அவர் கம்ப்யூட்டர் கட்டிய காலத்தில் ஆன் செய்ததும் எல்லாவற்றுக்கும் ஞாபகம் வந்துவிடும்.

“மாமா” என்றார் இளஞ்செழியன். ஸ்க்ரீன் கறுப்பாகவே இருந்தது. “மங்கை அயனாவரம் வீட்லதான் இருக்கா. இப்பதான் போன் பண்ணினா. சாமானெல்லாம் ஏத்திட்டாங்களாம், வண்டி கிளம்பிடுச்சு.” “எந்தச் சாமான்?” “உங்க சாமான் மாமா. நாம பேசினோம்ல. ஆடி கழியட்டும், ஆடியில வீடு மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம், வண்டியில ஏத்துறதைப் பார்க்க என்னால ஆகாது, அன்னிக்கு என்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க மாப்ளேன்னு… நீங்கதான் மாமா சொன்னீங்க. இந்த கம்ப்யூட்டர்கூட உங்க ரூம்லதான் வைக்கப் போறோம்.” ஏகாம்பரம் உள்ளே இறங்கித் தேடினார். அறை அறையாகத் தேடினார். ஆடி மாசம் இருந்தது, சகுந்தலா வீட்டுக் கூழ் இருந்தது, மாப்பிள்ளை வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தது இருந்தது போலவும் இருந்தது, அது ஆடியா தையா தெரியவில்லை, அவர் சொன்னதாகச் சொன்ன சொல் மட்டும் எந்த மூலையிலும் இல்லை. அப்படியானால் இது புளுகு. நல்ல புளுகு. ஆடியைக் கொண்டுவந்து சேர்த்தது கைதேர்ந்த வேலை, தான் புளுகியிருந்தாலும் அதைத்தான் சேர்த்திருப்பார், அந்த மாதிரி ஒரு சின்னச் சங்கதி இருந்தால் மலையையே விழுங்க வைத்துவிடலாம். பார்க்க என்னால் ஆகாது என்பது இன்னும் பிரமாதம். ஆனால் மாப்பிள்ளைக்குப் புளுகத் தெரியாது, அதுதான் அவரிடம் குறையே. புளுகுகிறவன் கண்ணைப் பார்த்துப் பேசுவான், இவர் மேஜையைப் பார்க்கிறார். அப்படியானால் நிஜம். நிஜமென்றால் தன் வாயாலேயே வீட்டைக் கொடுத்துவிட்டு, கொடுத்த நாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, காலையிலிருந்து இங்கே நின்று வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எப்போது சொன்னேன் என்று கேட்கலாம். கேட்டால் மறந்ததை ஒப்புக்கொண்டதாகும். கேட்காவிட்டால் சம்மதித்ததாகும்.

“சொன்னேன்ல” என்றது வாய். “மறந்தா போயிடும்? நீங்ககூட அப்ப மோர் குடிச்சிட்டிருந்தீங்க.” மோரை அவர் அந்தக் கணத்தில்தான் கடைந்தார். தூண்டிலில் புழு. இல்லையே மாமா, காபிதானே குடிச்சேன் என்று சொல்லட்டும், வேண்டாம், மோரா என்று புருவத்தையாவது தூக்கட்டும், அப்போது அவர் உண்மையைத்தான் சொல்கிறார், நான்தான் மறந்தேன் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். “ஆமா மாமா, மோர்தான்” என்றார் இளஞ்செழியன். அப்படியானால் இவர் புளுகுகிறார். அல்லது நிஜமாகவே மோரா? தான் கடைந்ததாக நினைத்தது உள்ளேயிருந்து தப்பி வந்த ஞாபகமா? “இஞ்சி தூக்கலா இருக்குன்னீங்க.” “ஆமா மாமா, கொஞ்சம் தூக்கல்.” ஸ்க்ரீன் பளிச்சென்று எரிந்தது, எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடின, “வந்துருச்சு அங்கிள், முதல் அட்டெம்ப்ட்டே!” என்று நிலோஃபர் சொன்னாள், மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். அவர் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. “அப்பதான் ஜன்னல்ல ஒரு கிளி வந்து உட்கார்ந்துச்சு” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொன்னார். “வந்துச்சு மாமா.” “பச்சைக்கிளி இல்லை. வெள்ளை.” “ஆமா, வெள்ளை.” “என்னைப் பார்த்து, போயிட்டு வா ஏகாம்பரம், நான் வீட்டைப் பார்த்துக்கறேன்னு தெளிவா, அட்சரம் பிசகாம சொல்லிச்சே. உங்க காதுல விழுந்துச்சா?” வாழ்நாளெல்லாம் இந்த இடத்தில் யாராவது குறுக்கே விழுவார்கள். சீட்டாட்டக் கூட்டாளிகள் சீட்டை எறிவார்கள், குணவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போவாள், போதும் நிறுத்து, உன் புளுகுக்கு ஒரு அளவு வேண்டாமா என்று யாராவது ஒருவர் கத்துவார்கள், அந்தக் கத்தலில்தான் அவருக்குத் தான் நின்றிருக்கும் தரை தெரியும், எதுவரை நிஜம், எங்கே தாண்டினோம் என்று. “விழுந்துச்சு மாமா” என்றார் மாப்பிள்ளை. ஏகாம்பரம் நிலோஃபர் பக்கம் திரும்பினார். காதர் பாய் மகள், வாய்க்காரி, சும்மா விட மாட்டாள். அவள் கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். “கிளின்னா அப்படித்தான் அங்கிள்,” என்றாள் தலை நிமிராமல், மிகவும் மெதுவாக, “நல்லா பேசும்.” ஆக, நம்பிவிட்டார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சொன்னதை எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஏகாம்பரம் வெறுங்காலால் தரையைத் தட்டிப் பார்த்தார்.